குழியில் விழுந்த முள்

எங்கள் மலையூரான ஈச்சங்கொல்லையில் முள்வேலி இல்லாத நிலம் எங்களுடையது ஒன்றுதான். ஆடு புகுந்து மேய்கிறது, காட்டுப்பன்றி கிளறுகிறது, பக்கத்து வீட்டு மாடு நடுச்சாமைக்குள் சொகுசாகப் படுத்து அசைபோடுகிறது. அப்பா தலையில் அடித்துக்கொள்வார். உங்கம்மாவுக்கு முள்ளென்றாலே ஆகாது, அது இன்னா கோளாறோ தெரியவில்லை என்று புலம்புவார். அம்மா காதில் விழாத மாதிரி கூழைக் கிளறிக்கொண்டிருப்பாள். கல் அடுக்கி வேலி போடலாம் என்றால் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒத்தாசைக்கு வருவாள். யாராவது ஒரு காரைமுள் கிளையை வாசலோரமாக இழுத்துக்கொண்டு போனால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்தக் கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்பா ஒருவருக்குத்தான் தெரியாது. நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தி, எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் நடந்தது. நான் கண்ணால் கண்டவளில்லை. ஆனாலும் அம்மாவைப் பிடுங்கிக் கேட்டேன், மங்கம்மாள் பெரியம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன், சாந்தம்மாளிடம் சண்டை போட்டே கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை பெரிய மனுஷிகள் இருந்தும் ஒரு வார்த்தை கேட்க ஒருத்திக்கு வாய் வரவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புதூர்நாட்டிலிருந்து வருகிற ஜீப் எங்கள் ஊர் ஏற்றத்துக்குக் கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தால் வீடுகளுக்கு முன்னால் குழிப்பாறைதான் கண்ணில் படும். ஒரு களத்து அகலத்துக்குப் படுத்துக் கிடக்கிற பாறை. அதில் வீட்டுக்கு ஒரு குழி. யார் எந்தக் காலத்தில் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் உரல் வைத்துக்கொள்கிற வழக்கம் அன்றைக்கு எங்கள் ஊரில் இல்லை. சாமையைக் கொண்டுவந்து அந்தக் குழியில் கொட்டித்தான் குத்த வேண்டும். சாமைத் தொலி லேசில் போகாது. ஒருத்தியாகக் குத்தினால் தோள் கழன்றுபோகும். அதனால் ஒரு குழிக்கு இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். மாத்துக்குத்து என்று அதற்குப் பெயர். இன்றைக்கு என் குழியில் நீ, நாளைக்கு உன் குழியில் நான்.

விடிகிற நேரத்தில் ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் பாறையில் இருப்பார்கள். யார் வீட்டு மாடு ஈன்றது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், யார் புருஷன் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் கிடக்கிறான், எல்லாம் உலக்கைச் சத்தத்துக்கு நடுவே கைமாறும். ஒரு வீட்டுக் குழி மட்டும் சத்தம் போடாமல் இருந்தால் ஒருத்தி உலக்கையைச் சாய்த்துவிட்டு அந்த வீட்டை எட்டிப் பார்க்கப் போய்விடுவாள். காய்ச்சலில் கிடந்தவர்கள், வழுக்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேரை அந்தப் பாறைதான் காட்டிக்கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறது.

அதே பாறைக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஒரு வீட்டை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்று முடிவானால் ஊர்க்கவுண்டர் அதை வாயால் சொல்ல மாட்டார். அந்த வீட்டுக் குழியில் ஒரு காரைமுள் கிளை கிடக்கும், அவ்வளவுதான். அடுத்த பௌர்ணமிக்கு ஊர் கூடும்போதுதான் என்ன குற்றம் என்று சொல்வார். அதுவரைக்கும் அந்த வீட்டோடு பேச்சு கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, சாவுக்குத் தோள் கொடுக்கக் கூடாது, பிள்ளைப்பேறுக்குக் கை கொடுக்கக் கூடாது. முள்ளை எடுக்கக் கூடாது. எதற்கு என்று கேட்கவும் கூடாது. கேட்டவள் குழியிலும் முள் விழும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் சாவு விழுந்தால் காட்டு வேலைக்குப் போனவர்களைக் கூப்பிட வேண்டுமே. அதற்கு வெறுங்குழியை உலக்கையால் இடிப்பார்கள். சாமை இல்லாத குழியின் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். அதைக் கேட்டால் ஏரை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் ஓடிவர வேண்டும். மற்றபடி வெறுங்குழியில் உலக்கையை வைக்கிற வழக்கம் கிடையாது.

என் அம்மா பாஞ்சாலை ஒரே பெண். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபிறகு வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போக மனசில்லாமல், இங்கேயே வந்து இருக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்படி வந்தவர்தான் அப்பா சேட்டு. அமிர்திப் பக்கத்துக்காரர். அவருடைய பாட்டன் காலத்தில், காட்டில் மரம் வெட்டுகிற கூப்பு வேலைக்காக மலையைவிட்டு இறங்கிய குடும்பம். அவன் மலை ரத்தம்தான் என்று மங்கம்மாள் வாதாடினாள். மூன்று தலைமுறை கீழே சோறு தின்றவன் கீழ்நாட்டான்தான் என்றார் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி. கடைசியில் ஊருக்கு விருந்து வைத்து அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். வாய் சம்மதித்தது, முகம் சம்மதிக்கவில்லை என்பாள் அம்மா.

அப்பா வந்த புதிதில் செருப்புக் காலோடு குழிப்பாறையில் ஏறி நடந்துவிட்டார். பொம்பளைகள் எல்லாரும் கத்தினார்கள். மனுஷன் பயந்துபோய்ச் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினாராம். அப்புறம் அவர் அந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் செருப்பை ஊர் மறந்துவிட்டது என்றுதான் அம்மா நினைத்திருந்தாள்.

கார்த்திகையில் சாமை அறுப்பு முடிந்து அப்பா கூப்பு வேலைக்குக் கிளம்பினார். அம்மாவுக்கு அப்போது நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் உலக்கையைத் தொடாதே என்று அப்பா சொன்னார். நான் தொடாவிட்டால் உங்கம்மாவா வந்து குத்தும் என்று கேட்டாள் அம்மா. வாய்க்கு வாய் வளர்ந்து கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிள்ளைப்பேறுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, விடியும் முன்பே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனார். அன்று காலையிலேயே ஊர்க்கவுண்டரும் கண் ஆபரேஷனுக்காகத் திருப்பத்தூருக்கு ஜீப் ஏறினார்.

அம்மா கூடையில் சாமையை எடுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி பாறைக்கு வந்தாள். மாத்துக்குத்துக்கு அன்றைக்கு அவள் முறை. மங்கம்மாள் உலக்கையோடு அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அம்மாவைப் பார்க்கவில்லை, குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பார்த்தாள். குழி நிறைய காரைமுள், பச்சைக் கிளை, நன்றாக அழுத்தி வைத்திருந்தது.

பாறையில் ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒருத்தி குத்த ஆரம்பித்தாள். இன்னொருத்தி ஆரம்பித்தாள். எப்போதும் இல்லாத வேகத்தில், பேச்சே இல்லாமல் எல்லாரும் குத்தினார்கள். மங்கம்மாள் திரும்பித் தன் குழிக்குப் போய்விட்டாள். அம்மா கூடையைக் கீழே இறக்கினாள். யாராவது ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாளாம். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. குற்றம் என்ன என்று தேடினாள். விருந்தில் கவுண்டருக்கு முதல் இலை போடவில்லையோ? செருப்பு விஷயத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்களோ? கீழ்நாட்டான் பிள்ளை இந்த மண்ணில் பிறக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்களோ? கடைசிக் கேள்வி வந்ததும் எழுந்து கதவுக்குத் தாழ் போட்டாள். வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அப்போது வெளிச்சமும் பேயாகத்தான் இருந்தது.

தண்ணீருக்குச் சுனைக்குப் போக வேண்டும். வழியில் இடிந்த வீடு ஒன்று இருந்தது. அம்மா பிறப்பதற்கு முன்பு முள் விழுந்த வீடு அது. அந்த வீட்டுப் பெண் பிள்ளைப்பேற்றில் கிடந்து மூன்றாம் நாள் செத்தாள் என்றும், அவள் கத்தினது ஊர் முழுக்கக் கேட்டும் யாரும் போகவில்லை என்றும் சொல்வார்கள். சுவர் சரிந்து ஆமணக்கு முளைத்துக் கிடந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் ஓரமாக நடந்து போனவள், இப்போது தினமும் நின்று பார்த்தாளாம். எந்த மூலையில் கிடந்திருப்பாள் என்று பார்த்தேன் என்று என்னிடம் சொன்னாள். எதிரே குடத்தோடு வருகிற பொம்பளைகள் அவளைக் கண்டதும் பாதையைவிட்டு இறங்கிப் புதருக்குள் நிற்பார்கள். மருத்துவச்சி மணியம்மாளும் ஒருநாள் அப்படி இறங்கி நின்றாள். ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மணியம்மாளும் புதருக்குள் நின்று அழுதாளாம். அழத் தெரிந்தவளுக்குக் கேட்கத் தெரியவில்லை, பாருங்கள்.

வீட்டில் குதிர் நிறைய சாமை இருந்தது. குத்த வழியில்லை. இருந்த கேழ்வரகைத் திருகையில் அரைத்துக் கூழ் காய்ச்சிக் குடித்தாள். அதுவும் குறைந்துகொண்டே வந்தது. பௌர்ணமி இன்னும் தள்ளி இருந்தது. பௌர்ணமிக்குள் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரு நினைப்புதான் அவளுக்கு. அடுத்த ஊருக்குப் போகப் பள்ளம் இறங்கி மேடு ஏற வேண்டும். அந்த உடம்போடு முடியாது. அப்பா இருக்கிற காடு எந்தத் திசை என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

பாறையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். முள் வைத்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஊர்க்கவுண்டரை என் ரெண்டு கண்ணால் பார்த்தேன் என்று, ஊரில் எதையும் முதலில் பார்த்துவிடுகிற சாந்தம்மாள் சொல்லியிருந்தாள். பனிமூட்டத்தில் கம்பளி போர்த்திய ஒரு ஆள் பாஞ்சாலை குழியண்டை குனிந்து நின்றானாம். கவுண்டரைத் தவிர வேறு யார் முள்ளோடு குழிக்குப் பக்கத்தில் போவார்கள்? மலையில் பிறந்த எவனும் அதைச் செய்ய மாட்டான். வைத்துவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார், வந்துதான் சொல்வார். எதற்கு என்ற கேள்விக்கும் சாந்தம்மாளே பதில் வைத்திருந்தாள். செருப்புதான் என்றாள். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டாவிட்டால் சாந்தம்மாள் அதையும் கவனித்துக்கொள்வாள் என்ற பயம் அவர்களுக்கு.

மங்கம்மாள் பெரியம்மாவிடம்தான் நான் அதிகம் சண்டை போட்டேன். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள், மாத்துக்குத்துக் கூட்டாளி, கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினவள். நீயுமா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. தன் மகள் காந்தாவுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகி இருந்ததாம். முள் விழுந்த வீட்டில் எந்த மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள்?

"உங்கம்மா வூட்டுக் கூரையில பொக வருதான்னு பாக்கறதே எனக்கு வேலை," என்றாள். "பொக வந்தா உசுரோட கீறான்னு அர்த்தம். ஒருநாளு லேட்டா வந்திச்சி. அன்னிக்கி வாச தாண்டி எறங்கிட்டேன். ஆனா போவல. என் பொண்ணு மூஞ்சி கண்ணு முன்னால நின்னுச்சி. போவல."

இப்படியே நாட்கள் போயின. அம்மா இல்லாத குறை பாறையில் தெரிந்தது. மங்கம்மாளுக்கு எதிர் உலக்கை இல்லை. ஒற்றையாகக் குத்தினாள். பேச்சு செத்துப்போயிற்று. முன்பு தங்கள் வீட்டுச் சமாசாரத்தைப் பாறையில் கொட்டினவர்கள் இப்போது வாயைக் கட்டிக்கொண்டார்கள். வருகிறவள் எல்லாம் முதலில் தன் குழியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கூடையை இறக்கினாள்.

பௌர்ணமிக்கு முன்பே வலி வந்துவிட்டது. நாள் கணக்குக்கு முந்தியே வந்தது. காலையில் இடுப்பில் பிடித்த வலி வெயில் ஏறியதும் முதுகைப் பிளந்தது. அம்மா வாசலுக்கு வந்து மங்கம்மாளைக் கூப்பிட்டாள். எல்லாரும் காட்டில் துவரைக்குப் போயிருந்தார்கள். யாராவது வீட்டில் இருந்தாலும் வெளியே வரவில்லை. இடிந்த வீட்டுக்காரி இப்படித்தான் கூப்பிட்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் செத்திருப்பாள், இனி நான் வாயால் கூப்பிடப் போவதில்லை என்று முடிவு செய்தாள்.

உலக்கையை எடுத்துக்கொண்டாள். அதை ஊன்றி ஊன்றிப் பாறைக்கு வந்தாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். குழிக்கு முன்னால் நின்று முள்ளைப் பார்த்தாள். காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதைத் தொட்டால் திரும்பி ஊருக்குள் வரவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். வெறுங்கையால் பிடுங்கிப் பக்கத்தில் எறிந்தாள். உள்ளங்கை முழுக்க ரத்தம். அந்தக் கையோடு உலக்கையைப் பிடித்து வெறுங்குழியில் இடித்தாள்.

அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பியது. துவரைக்காட்டில் இருந்தவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வழியெல்லாம் ஒருவரையொருவர் யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு, தன் தன் வீட்டுக் கிழங்களையும் பிள்ளைகளையும் நினைத்து ஒப்பாரியோடு வந்தார்கள். மங்கம்மாள் காந்தாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பாறையடியில் வந்து பார்த்தால், புடவை நனைந்து, தலை அவிழ்ந்து, ரத்தக் கையோடு என் அம்மா இடித்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் நிறுத்தினாள்.

"யாரும் இன்னும் சாவல," என்றாள். "நான்தான் சாவப் போறேன். இன்னா தப்புக்கு எங்குழியில முள்ளு வெச்சீங்கன்னு ஒர்த்தராச்சும் சொல்லுங்க. தெரிஞ்சிக்கினு சாவறேன்."

யாருக்கும் பதில் தெரியவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியும், தனக்குத்தான் தெரியவில்லை என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு நின்றாள். அம்மா உலக்கையைப் பிடித்தபடியே மடங்கிப் பாறையில் உட்கார்ந்தாள். மங்கம்மாள் காந்தாவின் கையை விட்டாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ கேக்கறா இல்ல? சொல்லுங்க. எனக்கும் தெரியணும். இன்னா தப்பு?"

கேட்கக் கூடாத கேள்வி அது. கவுண்டர் வந்தால்தான் தெரியும், கேட்டவளுக்கும் முள் விழும் என்று சாந்தம்மாள் பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினாள்.

"வுழட்டும்," என்றாள் மங்கம்மாள். "வந்து எங்குழியிலயும் வெக்கச் சொல்லு. இப்ப வெந்நி வெக்கணும், அடுப்பு மூட்டு."

எறிந்து கிடந்த முள்ளை அவளே வாரி எடுத்தாள். மூன்று கல்லை வைத்து, காய்ந்த காரைமுள்ளை ஒடித்துச் செருகிப் பற்றவைத்தாள். படபடவென்று எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மணியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாறையில் ஏறினாள். ஆண்களைக் கீழே துரத்தினார்கள். நாலு புடவையை நாலு பக்கமும் பிடித்தார்கள். வீட்டுக்குத் தூக்கிப் போக நேரம் இல்லை.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. நீலம் பாய்ந்து, கழுத்தில் கொடி சுற்றிக் கிடந்தது. மணியம்மாள் கொடியை எடுத்துவிட்டுக் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள். வாயில் விரல் விட்டு வழித்தாள், ஊதினாள். அம்மா தலையைத் தூக்கி, ஏன் சத்தம் வரவில்லை என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். இந்தப் பிள்ளை போனால் அது யார் கணக்கில் சேரும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மணியம்மாள் மறுபடி ஊதினாள். வெந்நீரில் முக்கினாள், தேய்த்தாள், திட்டினாள். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. அப்புறம்தான் அழுகை. அது என் அண்ணன் சின்னராசு.

இதோடு பயம் போயிற்று என்று நினைக்காதீர்கள். நாலைந்து நாள் கழித்து ஊர்க்கவுண்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பத்தூரிலிருந்து வந்து இறங்கினார். ஊரே அவர் வீட்டு வாசலில் நின்றது. மங்கம்மாள் முன்னால் போய், முள்ளை எரித்தது நான்தான், என்ன செய்வதானாலும் எனக்குச் செய்யுங்கள் என்றாள். கோபால்சாமி ஒன்றும் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார். எந்த முள் என்று கேட்டார். நான் யார் குழியிலும் முள் வைக்கவில்லையே என்றார்.

நான் கேட்ட மட்டில் அந்த நாட்கள்தான் ஊருக்கு ரொம்பக் கெட்ட நாட்கள். கவுண்டர் வைக்கவில்லையென்றால் வைத்தது யார்? நம்மில் ஒருத்தியா? எதிரே நின்று மாத்துக்குத்துக் குத்துகிறவளா? சாந்தம்மாள், தான் பார்த்தது கம்பளியைத்தான், முகத்தை இல்லை என்று இப்போது சொன்னாள். அது மனுஷனே இல்லை, இடிந்த வீட்டுக்காரிதான் வந்து வைத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சுனைக்குத் தனியாகப் போக எல்லாரும் பயந்தார்கள். உலக்கையை ஓங்கும்போது எதிரே இருக்கிறவள் கண்ணைப் பார்க்கப் பயந்தார்கள். மங்கம்மாள் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். யார் வைத்திருந்தாலும் மறுபடி வைக்க வருவார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஒருநாள் காலையில் அப்பா வந்தார். ஏற்றம் ஏறி வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே குழிப்பாறையடிக்கு வந்தார். பொம்பளைகள் எல்லாரும் குத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலுக்காகப் பாறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மங்கம்மாள் அம்மாவுக்காக அம்மாவின் குழியில் குத்திக்கொண்டிருந்தாள். அப்பா பிள்ளையைப் பார்த்தார். வாயெல்லாம் பல். அடுத்தபடி குழியைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எங்க எம்முள்ளு?" என்றார்.

உலக்கைகள் நின்றன.

"நான்தான வெச்சிட்டுப் போனேன். வேலிக்கு வெட்டினதுல நல்ல பச்சக் கெளையா பாத்து அமுக்கி வெச்சேன். சொன்னா கேக்க மாட்டா, குழிய அடைச்சிட்டா குத்த மாட்டா, பாக்கறவங்களும் வவுத்துக்காரின்னு புரிஞ்சிக்கினு ரெண்டு படி குத்திக் குடுப்பீங்கன்னு நெனச்சேன். எடுத்துட்டு குத்திட்டாளா இவ?"

அமிர்திப் பக்கத்தில் எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் முள்ளைத்தான் வைப்பார்கள். பப்பாளிக் கன்றுக்கு முள், கோழிக் கூண்டுக்கு முள், விதை தெளித்த பாத்திக்கு முள். அவருக்குத் தெரிந்த பத்திரம் அதுதான். பெண்டாட்டியையும் அப்படித்தான் பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஆம்பளை யாரும் ஏறாத பாறை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பனியில் கம்பளி போர்த்திக் குனிந்தவர் என் அப்பா.

பாறையில் இருந்த அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் உள்ளங்கையில் காயம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கையைப் பிள்ளையின் துணிக்குள் மறைத்துக்கொண்டாள். சாந்தம்மாள் வாயைத் திறந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊரில் அந்த வாய்தான் சாந்தம்மாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கெஞ்சினேனா முறைத்தேனா என்று எனக்கே தெரியாது என்பாள் அம்மா.

"காத்துல அடிச்சிக்கினு பூடுச்சி, சேட்டு," என்றாள் சாந்தம்மாள்.

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். இந்தத் தடவை யாருக்கும் பயந்து ஆட்டவில்லை.

அப்பா வருத்தப்பட்டார். மலைக்காற்று பொல்லாதது, நான்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். பிள்ளையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் குனிந்து சொன்னாராம்:

"அடுத்த தபா மேல கல்லு வெச்சிக் கட்டிட்டுப் போறேன்."

அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அப்பா தண்ணீர் தெளித்தார்.

அப்பாவைப் பிள்ளையிடம் உட்காரவைத்துவிட்டுக் கூடிய அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர்க்கவுண்டர், இனிமேல் குழியில் முள் வைக்கிற வழக்கம் இல்லை, எந்தக் குற்றமானாலும் முகத்துக்கு நேரே சொல்லப்படும் என்றார். காரணம் கேட்ட பக்கத்து ஊர்க்காரர்களிடம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு முள் வெட்ட முடியவில்லை என்று சொல்லிவிட்டாராம். எங்கள் அப்பாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. கல்யாணத்தில், சாவில், சண்டையில், குடிபோதையில்கூட ஒருத்தர் வாய் தவறவில்லை. சொன்னால் அவர் அந்தக் குற்றத்தைத் தாங்க மாட்டார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார் என்ற பயம் எல்லாருக்கும். அவருக்கு எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் இதை எழுதுகிறேன்.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது அப்பா மறுபடி கூப்பு வேலைக்குக் கிளம்பினார். முதல் நாளே அரிவாளை எடுத்துக்கொண்டு முள் வெட்டப் போனாராம். அதற்குள் மங்கம்மாள், மணியம்மாள், சாந்தம்மாள், அவர்களுக்குப் பின்னால் பாறைக்கூட்டம் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு முறம் குத்திய சாமை. பிள்ளை பிறக்கிற வரைக்கும் பாஞ்சாலை உலக்கையைத் தொட மாட்டாள், எங்கள் பொறுப்பு, நீ ஒன்றும் வைக்க வேண்டாம் என்றார்கள். அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு என்மேல் எவ்வளவு மரியாதை பார் என்று அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அம்மா முதல் முறத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.